டேட்டாவுக்கு யார் காசு கட்டினார்கள்?

இந்தியா, இலங்கை உயர்கல்வி டிஜிட்டல்மயத்தை ஒப்பிட்ட அந்த அட்டவணையை இரண்டு நாளாக ஆளாளுக்குப் பகிர்கிறீர்கள். இந்தியப் பக்கம் ஸ்வயம், என்பிடெல் ஆகிய இணையப் பாடத் தளங்கள், மாணவரின் பாடப் புள்ளிகளைச் சேர்த்துவைக்கும் கிரெடிட் வங்கி என்று நிரம்பி வழிகிறது. இலங்கைப் பக்கம் வெறுமை. பார்க்கவே மனசு கசந்தது. மாணவரின் டேட்டாவுக்கு யார் காசு கட்டினார்கள் என்ற கேள்வியே அதில் இல்லை.

கொரோனாவால் 2020இல் வளாகங்கள் மூடியதும், இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பு ஜூம் வகுப்புகளை நடத்திக் கொடுத்தது. அதற்கும், பாடங்களை ஏற்றிவைக்கும் பல்கலைக்கழகத் தளமான எல்எம்எஸ்ஸுக்கும் போகும் டேட்டாவுக்குத் தொலைபேசி நிறுவனங்கள் காசு எடுக்கவில்லை. யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில் மாணவர்களுக்கும் இதே வசதிதான். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். எந்த டேட்டா இலவசம் என்று முடிவு செய்யத் தொலைபேசி நிறுவனம் பார்ப்பது சர்வர் முகவரியை. விரிவுரையாளர் எல்எம்எஸ்ஸில் யூடியூப் வீடியோவை ஒட்டினால் அது வெளி சர்வர், மாணவரின் டேட்டா கரையும். கோப்பையே எல்எம்எஸ்ஸில் ஏற்றினால் கரையாது.

இங்கே இந்தியாவில்? ஸ்வயம் 2017இல் வந்தது. செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை அதில் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021இல் அனுமதித்தது. நல்லதுதான். ஆனால் வீடியோ ஓடுவது யூடியூப்பில், செலவு மாணவர் தலையில்.

‘இலவச டேட்டாவைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016இலேயே தடுத்துவிட்டதே’ என்பீர்கள். ஒரு தளத்துக்கு ஒரு விலை, இன்னொன்றுக்கு வேறு விலை என்பதைத்தான் அது தடுத்தது. அதே விதியில் பொது அவசர காலத்துக்கு விலக்கு உண்டு. கட்டணத்தைக் குறைத்துவிட்டு 7 வேலை நாளுக்குள் டிராய்க்குத் தெரிவித்தால் போதும். எந்தத் தளத்துக்கும் செல்லும் டேட்டா கார்டுக்கு அந்தத் தடையே கிடையாது. தமிழ்நாடு அரசு 2021 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா கார்டு அறிவித்ததே! கல்லூரிகள் மூடிப் பத்து மாதம் கழித்து. அந்தப் பத்து மாதம் ரீசார்ஜ் செய்ய முடியாமல் வகுப்பை விட்ட பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

‘பாடம் ஒளிபரப்பும் ஸ்வயம் பிரபா டிவி இருந்ததே?’ இருந்தது, 32 சேனல். டிவியிடம் சந்தேகம் கேட்க முடியுமா?

இலங்கையில் சிக்னல் தேடி மரமும் மலையும் ஏறிய மாணவர்கள் இருந்தார்கள், 2022இல் ஒரே நாளில் 13 மணி நேர மின்வெட்டும் வந்தது. மறுக்கவில்லை. கோபுரமே இல்லாத ஊரில் இலவச டேட்டா என்ன செய்யும்? அதற்காகச் செய்ததைச் செய்யவில்லை என்று ஆக்குவீர்களா? கையில் இருந்ததை வைத்து அவர்கள் முதலில் மாணவரின் சட்டைப் பையில் காசு இருக்கிறதா என்று பார்த்தார்கள். நமக்கும் ‘லேர்ன்’ போலக் கல்வி நிறுவனங்களை இணைக்கும் தேசிய அறிவு வலையமைப்பு 2010இலிருந்து இருக்கிறது. அதோடு இணைந்த சர்வர்களில் கல்லூரிகள் பாடங்களை ஏற்றட்டும். குறைந்த டேட்டாவில் ஓடும் 240பி வீடியோ தரத்தில் ஒரு பிரதி, ஒலி மட்டும் தனியாக ஒரு பிரதி, இரண்டையும் தரவிறக்க வசதி. இதைக்கூடச் செய்யாத கல்லூரிகள் இணையப் பாடங்களின் எண்ணிக்கையைக் காட்டிப் பெருமை பேச வேண்டாம்.