அந்த அக்காங்க வெட்கப்பட்டு ஓடல

போன ஞாயிறு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை கேம்ப்ல பாதிப் பேர் எழுந்து போயிட்டாங்கன்னு, கேம்ப் நடத்தின நீங்க வரிசையில நின்னவங்க போட்டோவோட ரெண்டு நாளா எழுதுறீங்க. "வடசென்னைப் பொம்பளைங்களுக்கு விழிப்புணர்வு இல்ல"யாம். காலைல மீன் வியாபாரத்தை விட்டுட்டு வந்து நின்னவங்களுக்கா? உள்ள என்ன நடக்கும்னு அவங்ககிட்ட ஒருத்தரும் சொல்லல. பேரை எழுதின கையோட "துணியை எடுத்துட்டுப் படும்மா"ன்னா யாரா இருந்தாலும் எழுந்துதான் போவாங்க.

சொல்ல அஞ்சு நிமிஷம் போதும். புடவையோ நைட்டியோ கட்டிட்டு வந்தா இடுப்பு வரைக்கும் தூக்கிக்கலாம், உள்ளாடையை மட்டும் எடுக்கணும், மேல போர்த்திக்கத் துணி கேளுங்க. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி அகட்டணும். வாத்து அலகு மாதிரி இருக்கிற ஸ்பெகுலத்தை உள்ள வச்சு மெதுவா விரிப்பாங்க. அழுத்தும். பயத்துல இடுப்பை இறுக்கினா வலி கூடும், அதனால வாயால மூச்சை விட்டுக்கிட்டே இருக்கணும். 3லேர்ந்து 5 சதவீத அசிட்டிக் அமிலத்துல நனைச்ச பஞ்சைக் கர்ப்பப்பை வாயில ஒத்தி, ஒரு நிமிஷம் கழிச்சு வெள்ளைத் திட்டு தெரியுதான்னு பார்ப்பாங்க. லேசா எரியலாம். பாப் ஸ்மியர்ங்கிற இன்னொரு டெஸ்ட்னா அங்கேர்ந்து சின்ன பிரஷ்ஷால தேய்ச்சு செல்களை எடுப்பாங்க, அன்னிக்குக் கொஞ்சம் ரத்தம் படலாம். நடுவுல "நிறுத்துங்க"ன்னு சொன்னா நிறுத்தணும்.

பீரியட்ஸ் நாள்ல சரியாப் பார்க்க முடியாது. முந்தின ரெண்டு நாள் உறவு, உள்ள வைக்கிற மாத்திரை ரெண்டும் கூடாது. இதையும் சொல்லல. அதனால திருப்பி அனுப்பினவங்களையும் ஓடிப்போனவங்க கணக்குல சேர்த்துட்டீங்க.

"அவ்ளோ கூட்டத்துல எப்படி விளக்குறது?" பத்துப் பத்துப் பேரா உட்கார வச்சு, அந்தக் கருவியைக் கையில கொடுத்துக் காட்டுங்க. முடியும்.

"பிள்ளை பெத்தவங்களுக்கு என்ன வெட்கம்?" இதைக் கேட்டவருக்கு என்ன சொல்ல? பிரசவ வலியில கத்தினதுக்கு வாங்கின திட்டு எத்தனை பேர் மனசுல இன்னும் கிடக்கு தெரியுமா? அதே மாதிரிக் கட்டில், அதே மாதிரிக் குரல். பயம் அங்கேர்ந்து வருது.

இன்னொரு பயத்தை வெளிய சொல்லவே மாட்டாங்க. இந்தப் புற்றுநோயை வரவைக்கிற ஹெச்பிவி வைரஸ் பாசிட்டிவ்னு வந்தா வீட்ல "யார்கிட்டேர்ந்து வந்துச்சு"ன்னு கேப்பாங்க. உறவுல இருக்கிற பெரும்பாலானவங்களுக்கு வாழ்க்கையில ஒரு தடவையாவது தொத்துற கிருமி அது. வருஷக்கணக்குல சத்தமில்லாம இருக்கும், எப்ப வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. பெரும்பாலும் தானாப் போயிடும். போகாம தங்கினாலும் புற்றுநோயா மாறப் பொதுவா 15, 20 வருஷம் ஆகும், அதுக்குள்ள கண்டுபிடிச்சா அந்த இடத்துக்கு மட்டும் சிகிச்சை கொடுத்தாப் போதும். புருஷங்களையும் உட்கார வச்சு இதைச் சொல்லணும்.

30 தாண்டினவங்க 5 வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கணும். அந்த அக்காங்க திரும்ப வரணும். அவங்க முகம் தெரியுற போட்டோவை முதல்ல எடுங்க.