5 பிஎஸ்ஐ தானே என்று விட முடியாது
"5 பிஎஸ்ஐக்கு மேல் போகாவிட்டால் எஞ்சினில் கை வைக்கத் தேவையில்லை, ஒரு வார இறுதியில் வீட்டிலேயே டர்போ பூட்டிவிடலாம்" என்று சின்னக் கார்களுக்கு டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பூட்டுவது பற்றிய இந்தக் கட்டுரையில் வருகிறதே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. 5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 5 இறாத்தல் அழுத்தம்) என்பது வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, அவ்வளவு காற்று கூடுதலாக உள்ளே போனால் பெற்றோலும் அதற்கேற்பக் கூட வேண்டும், ஆனால் சின்னக் காரின் இன்ஜெக்டர் (பெற்றோலைப் பீச்சும் பாகம்) அதற்கென்று செய்ததில்லை, கம்ப்யூட்டருக்கும் டர்போ வந்த கதை தெரியாது. சுசுக்கியையே பாருங்கள், 658 சிசி கே6ஏ எஞ்சினில் டர்போ இல்லாத வகைக்குக் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற விகிதம்) 10.5:1, டர்போ வகைக்கு 8.4:1, சும்மாவா குறைத்தார்கள்? ஏற்கெனவே அழுத்தி வரும் காற்றை மேலும் நெருக்கினால் நொக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது) வரும் என்றுதானே. மேலே கருத்திட்ட ஒருவர் 92 ஒக்டேன் பெற்றோலுக்குப் பதில் 95 அடித்தால் சரி என்று எழுதியிருக்கிறார். ஒக்டேன் நொக்கிங்கைத் தள்ளிப்போடும், பற்றாத பெற்றோலை அது கொண்டுவந்து தராது. என் மச்சான் கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய டர்போ ஒன்றை வெள்ளவத்தை வீட்டு முற்றத்தில் வைத்தே தன் ஒல்டோவுக்குப் பூட்டினான் (அதுவும் காலையில் காலி வீதி நெரிசலில் இரண்டாம் கியரைத் தாண்டாத கார்). அவனைக் கவிழ்த்தது பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) கூட இல்லை, ஒயில் திரும்பும் குழாய். டர்போவிலிருந்து ஒயில் தன் பாரத்திலேயே சம்புக்கு (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தட்டு) இறங்க வேண்டும், குழாய் அகலமாக, எங்கும் மேல்நோக்கி வளையாமல் இருக்க வேண்டும். இவன் இடமில்லை என்று மெல்லிய குழாயை வளைத்து விட, ஒயில் தேங்கி சீல் வழியே சைலன்சருக்குள் போய், ஹவ்லொக் வீதி முழுக்க நீலப் புகை. பிறகு எல்லாவற்றையும் கழற்றி விற்று அந்தக் காசுக்கு டயர் போட்டான்.