வழக்கில் பெற்றவர்களுக்கு இடம் எங்கே?

1989 நவம்பரில் இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் நகரில் ஜூலி ஹாக் என்ற 22 வயதுப் பெண் காணாமல் போனார். காவல்துறையின் தடயவியல் குழு அவருடைய வீட்டை நாள்கணக்கில் சோதித்துவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லிச் சென்றது. சின்னக் குழந்தையை விட்டுவிட்டுப் போகக்கூடியவள் இல்லை என் மகள் என்று தாய் ஆன் மிங் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். 1990 பிப்ரவரியில், அதே வீட்டின் குளியல் தொட்டியை மூடியிருந்த பலகைக்குப் பின்னால் மகளின் உடலைக் கண்டெடுத்தவர் அந்தத் தாய்தான்.

குற்றம் சாட்டப்பட்டவர் இரண்டு முறை விசாரிக்கப்பட்டார். இரண்டு முறையும் ஜூரிகளால் ஒரு முடிவுக்கு வர முடியாமல் போகவே, 1991-இல் அவர் விடுவிக்கப்பட்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, வேறொரு குற்றத்துக்காகச் சிறையில் இருந்தபோது, கொன்றது நான்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால், ஒருமுறை விடுவிக்கப்பட்டவரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்கக் கூடாது என்ற, ஏறத்தாழ 800 ஆண்டுப் பழமையான விதி குறுக்கே நின்றது. எனவே 2000-ஆம் ஆண்டில் அவருக்குக் கிடைத்தது, நீதிமன்றத்தில் பொய் சொன்னதற்கான ஆறு ஆண்டுச் சிறைத் தண்டனை மட்டுமே. ஆன் மிங் அமைச்சர்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் தேடிப்போய் வாதாடினார். 2003-இல் சட்டம் திருத்தப்பட்டது. கொடுங்குற்றங்களில் வலுவான புதிய சான்று கிடைத்தால் மறுவிசாரணை நடத்தலாம் என்ற அந்தத் திருத்தம் 2005 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2006-இல் அந்த மனிதர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார். மகள் இறந்து அப்போது 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் தாயின் விடாமுயற்சியைத்தான் பாராட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பாராட்டின் மீதே ஒரு மனத்தாங்கல் உண்டு. தடயவியல் குழு செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு தாய் செய்தார். சட்டம் இயற்றுபவர்கள் தாமாகவே யோசித்திருக்க வேண்டியதை அவர்கள் கதவைத் தட்டி யோசிக்க வைத்தார். அவருக்கு உடம்பில் தெம்பும் மனத்தில் பிடிவாதமும் பேசும் திறனும் இருந்தன. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தக் கொலையாளி பொய் சொன்னவர் என்ற பெயரோடு வெளியே போயிருப்பார். வென்றவர்களின் கதைகள் மட்டுமே நம் காதுக்கு எட்டுகின்றன. மூன்றாவது வாய்தாவிலேயே உடைந்துபோய் வீட்டோடு முடங்கிவிட்ட அப்பா அம்மாக்களைப் பற்றி யாரும் பதிவு எழுதுவதில்லை.

கோளாறு ஓர் அதிகாரியின் அலட்சியத்தில் மட்டும் இல்லை, அமைப்பிலேயே இருக்கிறது. குற்ற வழக்கு என்பது அரசுக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையில் நடப்பது. பிள்ளையைப் பறிகொடுத்தவர் அதில் ஒரு தரப்பே இல்லை. அவர் ஒரு சாட்சி, அவ்வளவுதான். இந்த ஏற்பாட்டுக்கு நியாயமான காரணம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழக்கைக் குடும்பமே நடத்த வேண்டும் என்றால் அது பழிதீர்க்கும் சண்டையாகிவிடும். கேட்க நாதியற்ற பிள்ளையின் சாவு கேள்வியின்றிப் போய்விடும். அதனால்தான் அரசு அந்தப் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஆனால் எடுத்துக்கொண்டவர் கைவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் நெடுங்காலம் விடையே எழுதப்படவில்லை. மணியடித்து நீதி கேட்ட பசுவின் கதையில் மகனைத் தேர்க்காலில் இட்ட மன்னனையே நாம் வியக்கிறோம். எனக்கோ, ஒரு பசுவுக்கும் எட்டும்படியாக அந்த மணி கட்டப்பட்டிருந்தது என்பதுதான் பெரிதாகப் படுகிறது.

1996-இல் தில்லியில் ஒரு சட்டக் கல்லூரி மாணவி கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் உயர் காவல் அதிகாரி ஒருவரின் மகன். இவர்தான் குற்றவாளி என்று தமக்குத் தெரிந்திருந்தும் சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்க நேர்கிறது என்று 1999-இல் விசாரணை நீதிபதியே தீர்ப்பில் எழுதினார். அந்த வரியைப் படித்த தந்தைக்கு எப்படி இருந்திருக்கும்! அன்றிருந்த சட்டத்தில், விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை அரசுத் தரப்பிடமே இருந்தது. மத்தியப் புலனாய்வுத் துறை மேல்முறையீடு செய்தது. 2006-இல் உயர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று அறிவித்து மரண தண்டனை விதித்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. மேல்முறையீடு வேண்டாம் என்று ஒரு கோப்பில் யாரோ குறிப்பெழுதியிருந்தால் கதை 1999-லேயே முடிந்திருக்கும்.

ஆந்த்ரே பாம்பெர்ஸ்கி என்ற பிரெஞ்சுத் தந்தையின் கதை இதைவிடச் சிக்கலானது. 1982-இல் அவருடைய 14 வயது மகள் கலின்கா ஜெர்மனியின் லிண்டாவ் பகுதியில், மருத்துவரான தன் மாற்றாந்தந்தையின் வீட்டில் இறந்து கிடந்தாள். அந்த மருத்துவர் முந்தைய நாள் அவளுக்கு ஊசி போட்டிருந்தார். ஜெர்மன் அதிகாரிகள் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே புலனாய்வை மூடிவிட்டார்கள். தந்தையின் முயற்சியால் 1995-இல் பாரிஸ் நீதிமன்றம் அந்த மருத்துவர் வராத நிலையிலேயே அவருக்கு 15 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. ஜெர்மனி அவரை ஒப்படைக்க மறுத்தது. 1997-இல் அதே மருத்துவர், தன்னிடம் வந்த 16 வயதுப் பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்து வன்புணர்ந்த குற்றத்தில் ஜெர்மனியிலேயே தண்டிக்கப்பட்டார். அந்தத் தண்டனையும் நிறுத்திவைக்கப்பட்டது. 2009 அக்டோபரில் அவர் பிரான்சின் முல்ஹவுஸ் நகரில், நீதிமன்றத்துக்கு அருகே, கைகால் கட்டப்பட்டுக் கிடந்தார். தந்தை ஆள் வைத்துக் கடத்திக் கொண்டுவந்திருந்தார். 2011-இல் பாரிஸில் நேரில் விசாரிக்கப்பட்டு அந்த மருத்துவர் 15 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். கடத்தலுக்காகத் தந்தைக்கும் 2014-இல் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கிடைத்தது.

கடத்தலை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் 27 ஆண்டுகள் கொதித்த ஒரு மனிதர், எதிரி கைக்குக் கிடைத்தபோது அவரை எங்கே கொண்டுபோய்ப் போட்டார் என்பதைக் கவனியுங்கள். குழந்தைகளுக்கு எதிரான குற்றச் செய்தி வரும்போதெல்லாம் ‘சுட்டுத் தள்ள வேண்டும்’ என்று பின்னூட்டம் இடுகிறவர்கள், பெற்றவர்கள் கேட்பதும் அதுதான் என்று எண்ணிக்கொள்கிறார்கள். 1981-இல் லூபெக் நீதிமன்றத்தில், தன் ஏழு வயது மகளைக் கொன்றவனை விசாரணையின் மூன்றாம் நாளில் சுட்டுக்கொன்ற மரியான் பாக்மையரைத்தான் அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அவருடைய சினம் எனக்குப் புரிகிறது. அந்தச் சிறுமி தன்னை மிரட்டிப் பணம் பறிக்கப் பார்த்ததாக அவன் சொல்லியிருந்தான். இறந்த குழந்தை எழுந்துவந்து மறுக்க முடியாது. ஆனாலும் அங்கே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பாம்பெர்ஸ்கி 27 ஆண்டுகளாகக் கேட்டது அப்படி ஒரு முழுமையான விசாரணையைத்தான்.

அரசே எதிர்த்தரப்பாக நிற்கும்போது நிலைமை இன்னும் மோசம். நெருக்கடி நிலையின்போது, 1976 மார்ச்சில், கோழிக்கோட்டில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ராஜனைக் காவல்துறை பிடித்துச் சென்றது. தந்தை ஈச்சர வாரியர் 1977-இல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். ராஜன் காவலில் இருக்கவே இல்லை என்று அரசு சொன்னது. இருந்தார் என்று நீதிமன்றம் கண்டறிந்தது. முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. மகனின் உடல் மட்டும் கிடைக்கவே இல்லை. தண்டிக்கப்பட்ட பிள்ளைக்காக நீதி கேட்கும் பெற்றோரும் இருக்கிறார்கள் என்பதை அற்புதம்மாளைப் பார்த்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 19 வயதில் கைதான மகன் பேரறிவாளனுக்காக 31 ஆண்டுகள் சிறை வாசல்களில் நின்றார். மகனின் வாக்குமூலத்தின் ஒரு பகுதியைத் தாம் பதிவு செய்யாமல் விட்டதாக, அதைப் பதிவு செய்த அதிகாரியே 2013-இல் சொன்ன பிறகும், 2022 மே மாதம்வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் 2009-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், விடுதலைத் தீர்ப்பை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யும் உரிமையைத் தந்தது. பாதிக்கப்பட்டவர் என்ற சொல்லில் பாதுகாவலரும் சட்டப்படியான வாரிசும் அடங்குவர். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, புலனாய்வின் முன்னேற்றத்தை 90 நாள்களுக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. இவை பெரிய மாற்றங்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் விசாரணை நீதிமன்றத்தில் குடும்பம் வைத்துக்கொள்ளும் வழக்கறிஞர் இன்றும் அரசு வழக்கறிஞரின் வழிகாட்டுதலின்படியே நடக்க வேண்டும். ஜெர்மனியில் கொலையுண்டவரின் பெற்றோர் வழக்கில் துணை வாதியாகவே சேர்ந்து, சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம். வழக்கை நடத்துவது அப்போதும் அரசுதான். நான் முன்பு சொன்ன பழிதீர்க்கும் சண்டை எதுவும் அதனால் மூண்டுவிடவில்லை. அந்த இடத்தை இங்கும் கொடுக்கலாம்.

ஆயினும் பாம்பெர்ஸ்கிக்கு அந்த ஜெர்மன் இருக்கை பயன்படவில்லை. அங்கே அவர் மகளுக்காக ஒரு வழக்கு தொடங்கப்படவே இல்லை.