கதவைச் சாத்துங்க, பேச்சு அப்புறம்

“அட விடுங்க, பூனைதானே? சுத்திட்டு வந்துடும்.”

இதைச் சொல்றவங்க கை எப்பவும் ஒரு கதவுக் கைப்பிடி மேலதான் இருக்கும். பூனை வளர்க்கிற எல்லாருக்கும் இந்தக் காட்சி மனப்பாடம். விருந்தாளி கிளம்பறேன்னு எழுந்திருப்பார். சொல்ல வேண்டியதை எல்லாம் ஹாலிலேயே சொல்லி முடிச்சிருக்கலாம், முடிக்க மாட்டார். வாசலுக்கு வந்து, செருப்பை மாட்டி, கதவை முழுசாத் திறந்து, ஒரு கால் உள்ள ஒரு கால் வெளிய வச்சு நின்ன பிறகுதான் அவருக்கு முக்கியமான விஷயமே ஞாபகத்துக்கு வரும். அந்த நிலையில சாஞ்சு நின்னுக்கிட்டு ஒரு கல்யாணக் கதையை ஆரம்பத்துலேர்ந்து ஆரம்பிப்பார்.

சோபாவுக்கு அடியில ரெண்டு காது திரும்பும். வெளிக்காத்து உள்ள வந்தது அதுக்குத் தெரிஞ்சாச்சு. வயிறு தரையில உரசற மாதிரி பதுங்கி ஓரடி. நிக்கும். இன்னொரு அடி. “கதவு”ன்னு சொல்வோம். அவர் காதுல விழாது. “கதவு, கதவைச் சாத்துங்க!” இப்போ விழும். ஆனா “என்ன சொன்னீங்க?”ன்னு நம்ம பக்கம் திரும்பறதுக்காகக் கதவை இன்னும் அகலமாத் தள்ளுவார். பூனையோட காறையெலும்பு மத்த எலும்போட சேராம தனியா இருக்கு. அதனால தலை நுழையற சந்துல உடம்பும் நுழைஞ்சிடும். அதுக்கு நாலு விரல் இடைவெளி போதும். இவர் பீரோவையே தூக்கிட்டுப் போற அளவுக்குத் திறந்து வச்சிருக்கார். ரெண்டு கணுக்காலுக்கு நடுவுல ஒரு நிழல் போகும். அவ்வளவுதான், போச்சு.

அதுக்கப்புறம் அவர் செய்யறதுதான் பெரிய கொடுமை. “ஐயோ பூனை!”ன்னு கத்திக்கிட்டே துரத்துவார். பயந்துபோன பூனைக்குப் பின்னால தடதடன்னு வர்ற காலடி வேட்டை மிருகத்தோட காலடி. எங்க ஓடறோம்னு பாக்காம ஓடும். துரத்தாம இருந்திருந்தா வாசலுக்கு நாலடி தள்ளி நின்னு தரையை மோந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கும். அந்த நேரத்துல செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. கதவைத் திறந்தே வைங்க. கீழ உக்காருங்க. குரலைத் தாழ்த்துங்க. அதுக்குப் பழகின சாப்பாட்டு டப்பாவைக் குலுக்குங்க. நேருக்கு நேர் முறைச்சுப் பாக்காதீங்க. பல நேரம் அதுவே சுவரோரமா உள்ள வந்துடும். ஆனா இந்த மனுஷர் மாடிப்படி வழியா மூணு தளம் துரத்திட்டு, மூச்சு வாங்க மேல வந்து, அதே வாக்கியத்தைச் சொல்வார்: “வந்துடும், விடுங்க.”

எப்படி வரும்? உள்ளேயே வளர்ந்த பூனைக்கு அந்தக் கட்டடத்தோட வெளிப்பக்கம் எப்படி இருக்கும்னே தெரியாது. வெளிய போன உடனே கிடைச்ச முதல் பொந்துல புகுந்து, சத்தமே போடாம உக்காந்துக்கும். நாம அதோட பேரைக் கூவிக்கிட்டு அடுத்த தெருவுல அலைஞ்சுக்கிட்டிருப்போம், அது நம்ம படிக்கட்டுக்கு அடியில இருக்கும். காணாமப்போன பூனைகளைப் பத்தி 2018-ல் வந்த ஓர் ஆய்வுல, கிடைச்ச பூனைகள்ல நாலுல மூணு பங்கு, தொலைஞ்ச இடத்துலேர்ந்து 500 மீட்டருக்குள்ளதான் கிடைச்சிருக்கு. அதனால முதல்ல காலடியில தேடுங்க. நிறுத்தி வச்ச வண்டிக்கு அடியில, செடித்தொட்டிக்குப் பின்னால, பக்கத்து வீட்டு சாமான் அறையில. ஊர் அடங்கின பிறகு டார்ச்சை நெத்திப்பொட்டுப் பக்கத்துல, கண் மட்டத்துல பிடிச்சுக்கிட்டுப் பாருங்க. பூனையோட விழித்திரைக்குப் பின்னால இருக்கிற பளபளப்பான அடுக்கு வெளிச்சத்தை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும். டார்ச்சை இடுப்புல பிடிச்சா அந்த மினுக்கம் உங்க கண்ணுக்குச் சரியா வராது.

சரி, வெளிய போய்ப் பழகின பூனை, தினமும் திரும்பி வருது. எதோட வருது? இன்னொரு பூனையோட சண்டை போட்டு வாங்கின கடி தோல் மேல ஊசி குத்தின மாதிரிதான் இருக்கும். மேல மூடிக்கும், உள்ள சீழ் பிடிக்கும். ரெண்டு மூணு நாள் கழிச்சு கன்னத்துலயோ வாலடியிலயோ எலுமிச்சை அளவுக்கு வீங்கின பிறகுதான் நமக்குத் தெரியும். அதே கடியில பூனைகளோட எதிர்ப்புச் சக்தியைத் தின்கிற எஃப்ஐவி வைரஸ் பரவும். 1986-ல் கலிபோர்னியாவுல அடையாளம் கண்ட வைரஸ் அது. வந்தா போகாது. கருத்தடை செய்யாத ஆண் பூனையை ராத்திரி வெளிய விடறவங்க அதை இதுக்குத்தான் அனுப்பறாங்க. பெண் பூனையா இருந்தா இன்னும் மோசம். நாலு அஞ்சு மாசத்துலயே சினைப்பருவம் வந்துடும், அதுக்கப்புறம் சுமார் 65 நாள்ல குட்டி. அந்தக் குட்டிகளுக்கு யார் பொறுப்புன்னு கேட்டா “இயற்கை”ன்னு பதில் வருது. இயற்கையா வந்து அதுக்குத் தடுப்பூசி போடும்?

இயற்கைன்னு சொன்னதால பறவைகள் கணக்கையும் பாத்துடலாம். 2013-ல் அமெரிக்காவுல போட்ட மதிப்பீட்டின்படி, அந்த நாட்டுல மட்டும் வெளிய திரியற பூனைகள் வருஷத்துக்கு 130 கோடியிலேர்ந்து 400 கோடி வரைக்கும் பறவைகளைக் கொல்லுது. இதுல பெரும்பங்கு யார் வீட்டையும் சேராத பூனைகளோடது, சரி. அந்தப் பூனைகள் எங்கேர்ந்து வந்தது? ஒரு காலத்துல யாரோ வெளிய விட்ட பூனைகளோட வம்சம்தானே? “எங்க பூனை எதையும் பிடிக்காது, நான் பாத்ததே இல்ல”ன்னு ஒரு கூட்டம் சொல்லும். அமெரிக்காவோட ஜார்ஜியா பல்கலைக்கழகத்துல 55 வீட்டுப் பூனைகள் கழுத்துல கேமராவைக் கட்டி அனுப்பினாங்க. பிடிச்ச இரையில வீட்டுக்குக் கொண்டு வந்தது கால் பங்குகூட இல்ல. மிச்சத்தை அங்கேயே தின்னுச்சு, இல்ல அப்படியே போட்டுட்டு வந்துச்சு. பூனை கண்ணை மூடினா பூலோகம் இருண்டுடும்னு சொல்வாங்க, இங்க கண்ணை மூடிக்கிட்டிருக்கிறது பூனை இல்ல. நியூசிலாந்துல ஸ்டீபன்ஸ் தீவுன்னு ஒரு சின்னத் தீவு. 1894 வாக்குல கலங்கரை விளக்கத்தோட பூனையும் அங்க வந்து சேர்ந்துச்சு. பறக்கத் தெரியாத ஒரு குட்டிக் குருவி இனம் அங்க இருந்துச்சு. சில வருஷத்துல அந்த இனமே இல்ல. திரும்பக் கொண்டு வர முடியுமா? ஜெர்மனியில வால்டோர்ஃப்ங்கிற ஊர்ல 2022-ல், கொண்டை வானம்பாடி கூடு கட்டற மாசங்கள்ல பூனையை வெளிய விடக் கூடாதுன்னு உத்தரவே போட்டாங்க. அதுக்கும் சிரிச்சவங்கதான் அதிகம்.

மணி கட்டிட்டோமேன்னு சொல்றவங்களுக்கு: இங்கிலாந்துல 2021-ல் வந்த ஆய்வுல மணியால பெரிசா எந்த வித்தியாசமும் தெரியல. இறைச்சி அதிகமுள்ள உணவு கொடுத்த வீடுகள்ல, வீட்டுக்குக் கொண்டு வர்ற இரை 36 சதவீதம் குறைஞ்சுது. தினம் அஞ்சு பத்து நிமிஷம் கூட விளையாடின வீடுகள்ல 25 சதவீதம் குறைஞ்சுது. அந்த அஞ்சு நிமிஷத்தைக் கொடுக்க மனசில்லாமத்தான் கழுத்துல மணியைக் கட்டறோம்.

இப்போ அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு குரல் வரும்: “வீட்டுக்குள்ளயே வச்சா ஜெயில் மாதிரி ஆகாதா?” ஆகும். பூனையை உள்ள வச்சுட்டு எதுவுமே செய்யாத வீடு ஜெயிலேதான். இவங்க மேலயும் அதே கோவம் எனக்கு உண்டு. கதவைச் சாத்தினதோட கடமை முடிஞ்சுதுன்னு நினைச்சு, ஒரே ஒரு லிட்டர் பாக்ஸை, அதாவது பூனை மலஜலம் கழிக்கிற மணல் பெட்டியை, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்துல வச்சு, ரெண்டு நாளைக்கு ஒருதடவை அள்ளிட்டு, “பூனை பழிவாங்குது, மெத்தையில போகுது”ன்னு புகார் சொல்றாங்க. பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது. மிஷின் சுத்தற சத்தத்துல ஒருதடவை பயந்தா அந்தப் பெட்டி பக்கமே திரும்பாது.

எத்தனை பூனையோ அதைவிட ஒரு பெட்டி கூட வேணும். மூக்குலேர்ந்து வாலடி வரைக்கும் அளந்து, அதுல ஒன்றரை மடங்கு நீளம் வேணும். கடையில பூனைப்பெட்டின்னு விக்கிறதுல பாதி, வளர்ந்த பூனை உள்ள திரும்பக்கூட முடியாத அளவு. துணி வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டியில ஒருபக்கம் வெட்டி விட்டா அதுவே மேல். மணல் அஞ்சுலேர்ந்து ஏழு சென்டிமீட்டர் ஆழம், கட்டி பிடிக்கிற ரகம், வாசனை கலக்காதது. தினம் ரெண்டு தடவை அள்ளணும். அள்ளறப்போ கட்டிகளை எண்ணுங்க, அது இலவசமாக் கிடைக்கிற மருத்துவப் பரிசோதனை. ஆண் பூனை பெட்டியில போய்ப் போய் உக்காந்து, முக்கி, ஒண்ணுமே வராம எழுந்து வந்தா நாளைக்குப் பாக்கலாம்னு படுத்துடாதீங்க. சிறுநீர்க்குழாய் அடைச்சிருந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல உயிர் போயிடும். ராத்திரியானாலும் கால்நடை மருத்துவர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க. வீட்டுக்குள்ளயே இருந்து, குண்டாகி, சலிச்சுப்போற பூனைக்கு மூத்திரப்பைத் தொல்லை கூடுதலா வரும். வெளிய விடறவங்க சொல்றதுல இது ஒண்ணு உண்மை, ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு மருந்து கதவைத் திறந்து விடறது இல்ல.

வேட்டையை வீட்டுக்குள்ள கொண்டு வாங்க. குச்சியில கட்டின இறகை மூஞ்சிக்கு நேரா ஆட்டினா அது விளையாட்டு இல்ல, எந்த எலியும் பூனையோட மூக்கை நோக்கி ஓடி வராது. விலகி ஓடணும், சோபா மறைவுல ஒளியணும், கடைசியில பிடிபடணும். பத்துப் பதினஞ்சு நிமிஷம், விடிகாலையிலயும் அந்தியிலயும், பூனை ரத்தம் வேட்டைக்குத் துடிக்கிற நேரமே அதுதான். பிடிச்ச உடனே சாப்பாடு. சாப்பிட்டு, நக்கி, தூங்கிடும். முடிஞ்சதும் அந்தக் கயித்தைப் பூட்டி வைங்க. முழுங்கினா குடலைக் கொசுவம் மாதிரி சுருட்டி அறுத்துடும்.

அடுத்தது ஜன்னல். “பூனை விழாது, விழுந்தாலும் நாலு கால்ல நிக்கும்.” இதைக் கேக்கறப்போ எனக்கு நிஜமாவே தலை கிறுகிறுக்குது. நியூயார்க்ல மாடியிலேர்ந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளைப் பத்தி 1987-ல் ஒரு கட்டுரை வந்துச்சு, அதுல 90 சதவீதம் பிழைச்சுது. இந்த ஒரு எண்ணை மட்டும் உருவி எடுத்துக்கிட்டாங்க. விழுந்த இடத்துலயே செத்த பூனையை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதில்ல, அதனால அது கணக்குலயே வரல. பிழைச்சதுக்கும் நுரையீரல் அடி, உடைஞ்ச தாடை, பிளந்த மேலண்ணம். ஒரு பூச்சியைப் பாத்தா போதும், பூனை விளிம்பை மறந்துடும்.

கொசுவலை பூனைக்குத் தடுப்பு இல்ல. ஃபைபர் வலையை நகம் ஒரே இழுப்புல கிழிக்கும். காந்தத்துலயும் வெல்க்ரோலயும் ஒட்டற வலையை அது தலையால தள்ளித் திறந்துடும். ஸ்டீல் மெஷ் போடுங்க. கண்ணி ரெண்டரை சென்டிமீட்டருக்கு மேல வேண்டாம், குட்டி இருந்தா இன்னும் சின்னதா. சட்டத்துல 20 சென்டிமீட்டருக்கு ஒரு திருகு. மாட்டின பிறகு ஒரு பூனை பாஞ்சு மோதற வேகத்துல உள்ளங்கையால குத்திப் பாருங்க. மேல்பக்கம் மட்டும் சாஞ்சு திறக்கிற ஜன்னல் இருந்தா பூனை இருக்கிறப்போ திறக்கவே திறக்காதீங்க. அந்த வி வடிவ இடுக்குல இடுப்பு சிக்கினா, விடுபட முறுக்க முறுக்க கீழதான் இறங்கும். கால்களுக்கு ரத்தம் போறது நின்னுடும்.

வெளிக்காத்து வேணும்னா வலை அடிச்ச பால்கனி இருக்கு, உடம்பைச் சுத்தி மாட்டிக் கயிறு கட்டற ஹார்னஸ் இருக்கு. ஹார்னஸை வாங்கின அன்னிக்கே மாட்டித் தெருவுக்கு இழுத்துட்டுப் போகாதீங்க. ஒரு வாரம் வீட்டுக்குள்ளயே மாட்டிப் பழக்கணும். ரெண்டு விரல் நுழையற இறுக்கம். அதைவிட லூசா இருந்தா பயந்த பூனை பின்பக்கமா உருவிக்கிட்டு ஓடிடும். உள்ளேயே இருக்கிற பூனைக்கும் தடுப்பூசி வேணும். பான்லூக்கோபீனியாங்கிற கொடிய பூனை நோயோட வைரஸ் வெளிய மாசக்கணக்குல உயிரோட கிடக்கும், நம்ம செருப்புலயே வீட்டுக்குள்ள வரும்.

திரும்பவும் அந்த வாசலுக்கே வரேன், ஏன்னா இவ்வளவையும் செஞ்சு வச்ச வீட்டுல பூனை போறது அந்த வழியாத்தான். மணி அடிச்சா முதல்ல பூனையை ஓர் அறையில விட்டுச் சாத்துங்க, அப்புறம் வாசலைத் திறங்க. வாசல்ல வச்சுப் பூனையைக் கொஞ்சாதீங்க, கதவு திறந்தா அங்க ஓடணும்னு அதுக்குக் கத்துக் கொடுக்கிறதே நாமதான். கதவுலேர்ந்து தூரமா ஒரு மேடை வச்சு, மணிச்சத்தம் கேட்ட உடனே அங்கதான் தின்பண்டம் கிடைக்கும்னு பழக்குங்க. தோலுக்கு அடியில அடையாள எண்ணை வைக்கிற மைக்ரோசிப் போடுங்க, போட்டதோட உங்க போன் நம்பரைப் பதிவு பண்ணுங்க. பதிவு பண்ணாத சிப் வெறும் 15 இலக்கம். விருந்தாளி கல்யாணக் கதை சொல்லணும்னா உள்ள உக்காந்து சொல்லட்டும், இல்ல வெளிய நின்னு சொல்லட்டும். வாசற்படி மேல நின்னு வேண்டாம்.

அப்புறம் இன்னொண்ணு, சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. வெளிய சுத்தின பூனை உண்ணியோட வந்ததுன்னு நாய்க்கு வாங்கின சொட்டு மருந்தை அது கழுத்துல ஊத்தறாங்களே, அதுல பெர்மெத்ரின்ங்கிற பூச்சிக்கொல்லி இருந்தா பூனைக்கு வலிப்பு வரும், செத்தும் போகும். உடம்பு சுடுதுன்னு பாராசிட்டமால் கொடுக்கிறாங்க, ஒரே ஒரு மாத்திரை போதும் அதைக் கொல்ல. அந்தச் சொட்டு மருந்துப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. அதுல நாய்ப் படம் போட்டிருக்கு.