டோக்கியோவில் டயப்பரை எங்கே போடுவது?

கைக்குழந்தையோடு டோக்கியோவில் சுற்றிப் பாருங்கள், என் எரிச்சல் புரியும். தெருத்தெருவாக நடந்தாலும் ஒரு குப்பைத்தொட்டி கண்ணில் படாது. குளிர்பான இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கும் தொட்டியோ பாட்டிலுக்கும் கேனுக்கும் மட்டும்தான். 1995-ல் சுரங்க ரயிலில் சாரின் விஷவாயுத் தாக்குதல் நடந்தபிறகு தொட்டிக்குள் யாராவது ஆபத்தான எதையாவது வைத்துவிடுவார்களோ என்று பயந்து பல இடங்களில் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். சரி, அந்தப் பயம் நியாயம்தான். ஊர்க்காரர்கள் குப்பையை வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள், தெருவும் பளிச்சென்று இருக்கிறது, அதற்குக் கும்பிடு. ஆனால் ராத்திரிதான் அறைக்குத் திரும்பும் பயணி என்ன செய்வது? குழந்தைக்குத் துணி மாற்றும் அறையிலேயே சில இடங்களில் ‘டயப்பரை எடுத்துச் செல்லவும்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டுப் பையும் அழுக்கு டயப்பரும் ஒரே தோளில்! அந்த அறையிலாவது ஒரு தொட்டி வையுங்களேன்.