கூடைப்பந்தில் சார்ஜுக்குத் தடுப்பவர் சிலையாக நிற்க வேண்டியதில்லை

பந்துடன் வருபவரும் தடுப்பவரும் மோதிக்கொண்டால், தவறு வருபவர்மீது என்றால் சார்ஜ், தடுப்பவர்மீது என்றால் பிளாக்கிங் ஃபவுல். “தடுப்பவர் நகர்ந்துகொண்டிருந்தார், அதனால் பிளாக்கிங் ஃபவுல்தான்” என்று சொல்வது தவறு. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதியில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. எதிராளியைப் பார்த்தபடி இரு கால்களும் தரையில் இருந்தால் ‘லீகல் கார்டிங் பொசிஷன்’ (விதிப்படி தடுக்கும் நிலை) கிடைத்துவிடும். பிறகு பக்கவாட்டிலோ பின்னோக்கியோ நகரலாம். அப்போது பந்துடன் வருபவர் மார்பில் மோதினால் ஃபவுல் அவர்மீதுதான். கை, இடுப்பு, முழங்காலை நீட்டி மறித்தால் கதை மாறும்.

குழப்பத்துக்குக் காரணம் ‘பொசிஷன்’ என்ற சொல். பேச்சு ஆங்கிலத்தில் அது நிற்கும் இடம். விதியில் அது ஈட்டிய உரிமை, ஆளோடு சேர்ந்தே நகரும்.

உண்மையில் கடினமானது வேறு: எதிராளி தரையைவிட்டு எழும்புமுன்பே தடுப்பவர் அவர் பாதையில் இருந்தாரா? நடுவர் கணிக்க வேண்டியது அந்த நொடியைத்தான். வளையத்தடியில் 1.25 மீட்டர் அரைவட்டத்துக்கு விதி தனி.