அப்பாவின் நோட்டில் அக்காவுக்கு மட்டும் தனிப் பக்கம்

போன மாதம் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாகப்பிரிவினைப் பேச்சு நடந்தது. கும்பகோணம் பக்கத்துக் கிராமம். அப்பா வாங்கிய ஆறு மா (ஏறக்குறைய இரண்டு ஏக்கர்) நிலம், தாத்தா காலத்து ஓட்டு வீடு, வங்கியில் கொஞ்சம் பணம், அவ்வளவுதான் சொத்து. அப்பாவின் தலைத்திவசம், அதாவது இறந்த முதல் வருடத் திதி, முடியட்டும் என்று காத்திருந்தோம். அக்கா, அண்ணன், நான் மூவரும் பாயில் உட்கார்ந்திருந்தோம். அம்மா தூணில் சாய்ந்திருந்தாள்.

பெரியப்பாதான் ஆரம்பித்தார். "பெரியவளுக்கு அன்றைக்கே 25 பவுன் போட்டு, சீர்செனத்தியோடு அனுப்பியாகிவிட்டது. இன்றைய விலைக்கு அதுவே இருபது லட்சத்துக்கு மேல். தம்பிகள் பார்த்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு, பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடட்டும்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "நீங்கள் சொல்கிறபடியே செய்துவிடலாம் பெரியப்பா" என்றாள். நானும் சற்று நேரம் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம் இன்றுவரை என்னைக் குத்திக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவர் தானே சம்பாதித்த சுயார்ஜிதச் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. அப்பாவின் அம்மா உயிரோடு இல்லாததால் எங்கள் வீட்டில் ஆளுக்குக் கால் பங்கு. பிள்ளைகளுக்கு மட்டும் என்று பேசிக்கொண்டிருந்த அந்தக் கூடத்தில் அம்மாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது யாருக்கும் நினைவே வரவில்லை. முன்பு கொடுத்ததைக் கழித்துக்கொள் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் இன்னும் தெளிவாகவே பேசுகிறது. தகப்பன் உயிரோடு இருந்தபோது பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கு போடும்போது கணக்கில் எடுக்கக் கூடாது என்கிறது அதன் 49-ஆவது பிரிவு.

வீடு பூர்வீகம். 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் பெண்களுக்குப் பிறப்புரிமை தந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமானவர்களைச் சேர்க்கவில்லை. அக்காவுக்கு 1988 ஆவணியில் கல்யாணம். ஏழு மாதத்தில் அவள் கோட்டுக்கு வெளியே போய்விட்டாள். 2005-இல் வந்த மத்தியத் திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மகளுக்கும் மகனைப்போலவே பிறப்பால் உரிமை உண்டு என்று சொல்லி, மிச்சமிருந்த சந்தேகத்தையும் தீர்த்துவைத்தது.

ஆக, சட்டப்படி அக்காவின் 25 பவுன் பேச்சிலேயே வரக் கூடாது. ஆனாலும் சட்டம் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு பிள்ளைக்கு முன்பே அள்ளிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை எல்லோருக்கும் சமமாகப் பிரித்தால் அது சமமாகாது. முன்பு வாங்கியதைச் சேர்த்துப் பார்க்கத்தான் வேண்டும். பார்ப்பதென்றால் மூன்று பேர் வாங்கியதையும் பார்க்க வேண்டும்.

அப்பா கணக்கெழுதுவதில் கறாரானவர். சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு. பிள்ளையார் சுழி போட்டுத்தான் ஒவ்வொரு பக்கமும் தொடங்கும். அன்று அதை அலமாரியிலிருந்து எடுத்துவந்து நடுவில் வைத்துப் புரட்டினேன். "பெரியவள் கல்யாணம்" என்று தலைப்பிட்டு ஏழு பக்கம். நகை, பாத்திரம், பந்தல், நாதஸ்வரம், வாழைத்தார், மாப்பிள்ளை வீட்டார் வந்த வேனுக்கு டீசல் வரைக்கும் இருந்தது. அண்ணன் பெயரிலோ என் பெயரிலோ ஒரு பக்கம்கூட இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். 1993 ஜூன் மாதப் பக்கத்தில், மளிகைக்கும் உர மூட்டைக்கும் நடுவே, என் கல்லூரிக்குக் கட்டிய நன்கொடை 60,000 ரூபாய் இருந்தது. அதற்கு மேலே எழுதியிருந்த தலைப்பு: "வீட்டுச் செலவு".

மகளுக்குச் செய்தது அவள் கணக்கு, மகனுக்குச் செய்தது வீட்டுக் கணக்கு. அப்பா வஞ்சகம் தெரியாத மனிதர். ஊரே அப்படித்தான் எழுதியது, அவரும் எழுதினார்.

அதே பக்கத்தில் வரவு வரிசையில் இன்னொன்று இருந்தது: "நகை ஈடு, 8 பவுன்". யார் நகை என்று எழுதவில்லை. "அவளுடையதுதான்" என்று அம்மா முதன்முறையாக வாயைத் திறந்தாள். என் கல்லூரிப் பணத்துக்காக அக்கா கழற்றிக் கொடுத்த இரட்டைவடச் சங்கிலியும் இரண்டு வளையல்களும். மீட்கவே முடியாமல் ஏலத்தில் போய்விட்டன. முப்பது வருடத்தில் அக்கா அதை ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். பெரியப்பா அக்காவின் தங்கத்தை இன்றைய விலையில் பெருக்கினார். சவரன் 2025-இல் 90,000 ரூபாயைத் தாண்டிய பிறகு யாருடைய நகையும் மலையாகத்தான் தெரியும். என் 60,000 மட்டும் 60,000-ஆகவே நின்றது. 1993-இல் சவரன் மூவாயிரத்துச் சொச்சம். அந்தப் பணம் அன்றைக்கு ஏறக்குறைய 19 பவுன். அக்கா கையில் கடைசியில் நின்றது 17. ஒரே படியால் அளந்தால் நான்தான் அதிகம் வாங்கியவன். அந்தப் பத்தொன்பதுக்குள் அவளுடைய எட்டுப் பவுனும் அடங்கியிருக்கிறது. அதைப் பங்கில் கழிக்க முடியாது, அது நான் அவளுக்குத் திருப்பித் தர வேண்டிய கடன்.

பந்தலும் விருந்தும் அக்கா வாங்கிய பங்கு என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஊர் சாப்பிட்டுப் போன சாப்பாட்டுக்கு அவள் பெயரில் பற்று எழுதுவது எந்த நியாயம்? மாப்பிள்ளை வீடு கேட்டு வாங்கியதும் அப்படியே. 1961-லிருந்தே வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். அந்தக் குற்றத்தின் தொகையை அவள் சொத்தில் கழிக்கிறோம் என்றால், இரண்டு முறை அவளையே தண்டிக்கிறோம்.

அண்ணன் விஷயம்தான் சிக்கலானது. 1996-இல் அப்பா அவன் பெயரில் ஒரு மனை வாங்கினார், ஒரு கிரவுண்டு, 45,000 ரூபாய். இன்று அங்கே சதுர அடி ஆயிரத்து ஐந்நூறுக்குக் கேட்கிறார்கள். எந்த விலையை வைப்பது? பிரான்சின் சிவில் சட்டத்தில் இதற்கு விதியே உண்டு. முன்பு கொடுத்த சொத்தை, பங்கு பிரிக்கும் நாளின் விலைக்கு மதிப்பிட வேண்டும், ஆனால் கொடுத்த நாளில் இருந்த நிலையில் வைத்து. அதாவது மனையின் விலையேற்றம் எல்லோருக்கும் பொது, அதில் அண்ணன் தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு அவனுக்கே. இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கு அது கசந்தது. "நான் அதை அன்றைக்கே விற்றுச் சாப்பிட்டிருந்தால் 45,000 என்றுதானே எழுதுவாய்?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. விற்றிருந்தால் அந்தப் பணத்தையும் என் கல்லூரிப் பணத்தைப்போலப் பவுனாக்கிப் பார்த்திருப்போம், பன்னிரண்டு பவுன் வந்திருக்கும். விற்கவில்லை, மனை மனையாகவே நிற்கிறது.

அண்ணி அப்பாவைக் கடைசி மூன்று வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தாள். அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா இருந்த அறையும் அதை ஒட்டிய கொல்லைப்புறமும் அண்ணனுக்கே போகட்டும் என்று நானும் அக்காவும் சொல்லிவிட்டோம்.

"அக்காவே கையெழுத்துப் போடத் தயார் என்கிறாள், உனக்கென்ன?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்று பயந்து ஒருத்தி விட்டுக்கொடுப்பதற்குப் பெயர் சம்மதம் இல்லை. வருகிற பங்குனியில் அவள் பேத்திக்குக் காதுகுத்து. தாய்வீட்டிலிருந்து யார் வந்து நிற்பார்கள் என்பதுதான் அன்றைக்கு அவள் மனத்தில் ஓடிய கணக்கு. அதை அவள் என்னிடம் கொல்லையில் நின்று சொன்னாள்.

நோட்டின் கடைசிப் பக்கங்கள் காலியாக இருந்தன. அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு பக்கம் தொடங்கி, நான் வாங்கியதை என் கையாலேயே எழுதினேன். அண்ணன் பக்கத்தில் மனையின் விலைக்கு நேரே இன்னும் எதுவும் எழுதவில்லை. வருகிற ஞாயிறு மறுபடியும் உட்காருகிறோம்.